பெட்டி மட்டும் காக்காது: கையடக்க விளையாட்டுக் கருவிக்குக் கேஸ் வாங்கும் முன் ஒரு சிறு பாடம்



எர்ணாகுளத்திலிருந்து கோஸ்ரீ பாலங்கள் வழியாக வைப்பினுக்குப் பஸ்ஸில் போகும்போது, இடையில் வல்லார்பாடம் தீவு வரும். அங்கே நிற்கும் ராட்சதக் கிரேன்களையும், வண்ண வண்ணமாக அடுக்கிய இரும்புப் பெட்டிகளையும் நம் பிள்ளைகள் ஜன்னலில் முகம் பதித்துப் பார்ப்பார்கள். 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கண்டெய்னர் முனையம் அது. இடப்பள்ளியிலிருந்து அந்த முனையத்துக்கு ரயில் பாதை கொண்டுவர, வேம்பநாட்டுக் காயல் மீது 4.62 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டினார்கள். ரயில்வேயில் காலம் கழித்தவன் என்பதால் என் கண் முதலில் அந்தப் பாலத்தைத்தான் தேடும். ஆனால் இன்றைய பாடம் பாலத்தைப் பற்றியதல்ல, பெட்டியைப் பற்றியது. அதுவும் 20 அடிப் பெட்டியல்ல, பிள்ளைகளின் பள்ளிப் பையில் அடங்கும் ஒரு சாண் பெட்டி.

நம் சங்கப் பொங்கல் விழாவில் பிள்ளைகள் பலர் கையில் கையடக்க விளையாட்டுக் கருவி இருந்ததைக் கண்டேன். பெயர்தான் வேறு வேறு: ஸ்விட்ச், லைட், ஸ்டீம் டெக். "சார், நீங்கள் இன்ஜினீயர்தானே, இதற்கு எந்தக் கேஸ் வாங்கினால் உடையாது?" என்று ஒரு தாய் கேட்டார். நான் படித்தது டிப்ளமோதான். பணி செய்தது சரக்கு வேகன் பழுது பார்க்கும் பிரிவில். ஆனால் சரக்கு எப்படி உடைகிறது என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண்ணால் பார்த்தவன். எனவே அந்தக் கேள்விக்கு விவரமாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வியின் பின்னணி

அந்தத் தாய் வீணாகக் கேட்கவில்லை. அவர் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வெள்ளிக்கிழமை தோறும் தந்தை அங்கிருந்தும் மகன் இங்கிருந்தும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து விளையாடுவார்கள். போனில் "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதற்கு மேல் பேச்சு வராத பையன், ஆட்டத்தின் நடுவே அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசுவான். கோயம்புத்தூருக்குப் போய் வந்த ஒரு பயணத்தில் அந்தக் கருவியின் திரை உடைந்துவிட்டது. கேஸின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே திறந்தால் சிலந்தி வலை போல வெடிப்பு. விலை உயர்ந்த பொருளை உடைத்துவிட்டோம் என்ற பயத்தில் பையன் மூன்று வாரம் "நெட் சரியில்லை அப்பா" என்றே சொல்லிச் சமாளித்திருக்கிறான்.

அந்தக் கேஸை வாங்கிப் பார்த்தேன். கெட்டியான ஓடு, நல்ல ஜிப். திரைக்கு நேர் எதிரே ஒரு வலைப் பை. அதற்குள் செங்கல் போன்ற சார்ஜர். மேலே ஏதோ பாரம் அழுந்தியபோது சார்ஜரின் விளிம்பு நேராகத் திரையில் இறங்கியிருக்கிறது. பையன் மேல் தவறில்லை. வெளியிலிருந்து வந்த அடியும் அதற்குக் காரணமில்லை. பெட்டிக்குள் வைத்த பொருளே பெட்டிக்குள் இருந்த மற்றப் பொருளை உடைத்துவிட்டது.

பாடம் 1: ஓடு வேறு, காப்பு வேறு

1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் முயற்சி அது. இன்றைய கண்டெய்னர் வணிகத்துக்கு அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். இந்தியாவுக்கு முதல் கண்டெய்னர் கப்பல் 1973-இல் வந்ததும் நம் கொச்சித் துறைமுகத்துக்குத்தான்.

கண்டெய்னரின் இரும்புச் சுவர் சரக்கைத் திருட்டிலிருந்தும் மழையிலிருந்தும் மேலே ஏற்றும் பாரத்திலிருந்தும் காக்கும். ஆனால் உள்ளே சரக்கு ஆடாமல் கட்டப்படவில்லை என்றால் அதே இரும்புச் சுவர்தான் சரக்குக்கு எமன். ரயில் வேகன்களை ஷண்டிங் செய்து கோக்கும்போது, வேகன் நின்ற பிறகும் உள்ளிருக்கும் சரக்கு நிற்காமல் ஓடிப்போய்ச் சுவரில் மோதும். வேகனில் ஒரு நசுங்கலும் இருக்காது. உள்ளே பெட்டிகள் உடைந்து கிடக்கும்.

இது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாத விஷயமல்ல. ஊரிலிருந்து முறுக்கு கொண்டுவரும் டப்பா எவர்சில்வர் என்பதால் முறுக்கு உடையாமல் வந்துவிடுமா? பாதி டப்பா காலியாக இருந்தால் வீடு வந்து சேர்வது தூள்தான். கொலு பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றி, இடுக்கில் எல்லாம் துணி திணித்து, அதன் பிறகே டிரங்குப் பெட்டியில் வைப்பார் என் தாயார். ஓடு, மெத்தை, அசையாமை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் காப்பு என்பது அவர் அறிந்த பாடம்.

பாடம் 2: மெத்தை என்ன செய்கிறது?

கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைச் சற்றுப் பின்னுக்கு இழுக்கிறோமே, ஏன்? பந்து நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கொடுக்கிறோம். தூரம் கூடினால் அடி குறைகிறது. ரயில் பெட்டிகளின் முனையில் இருக்கும் பஃபர் சில அங்குலம் உள்வாங்குவதும் இதே காரணத்தால்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மேஜையை விடச் சற்று உயரத்திலிருந்து விழும் பொருள், தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அது நிற்க எடுக்கும் தூரம் 1 மில்லிமீட்டர் என்றால், விழுந்த உயரம் நின்ற தூரத்தைப் போல 1,000 மடங்கு. அப்படியானால் அடியின் சராசரி விசையும் அதன் எடையைப் போல சுமார் 1,000 மடங்கு. கருவியின் எடை 400 கிராம் என்றால் 400 கிலோ பாரம் ஒரு கணம் அதன் மேல் ஏறியதற்குச் சமம். நடுவில் மெத்தை இருந்து, நிற்கும் தூரம் 10 மில்லிமீட்டர் ஆனால் அதே அடி 40 கிலோவாகிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் மெத்தை முழுவதும் அமுங்கிவிடாது. பாதி அமுங்குகிறது என்று வைத்தால் 5 மில்லிமீட்டர்தான் கணக்கு. அடி 80 கிலோ. எனவே "உள்ளே வெல்வெட் துணி ஒட்டியிருக்கிறது" என்பதைக் காப்பாக எண்ணாதீர்கள். 1 மில்லிமீட்டர் துணி கீறலைத் தடுக்கும், அடியைத் தடுக்காது.

மெத்தை மிக மென்மையாக இருந்தாலும் பயனில்லை. கட்டைவிரலால் லேசாக அழுத்தியதுமே அடி தட்டினால், விழும்போதும் அடி தட்டும். மரம் போல அழுத்தவே முடியாவிட்டால் அது மெத்தையே அல்ல. நன்றாக அழுத்தினால் பாதி அமுங்கி, விட்டதும் பழைய நிலைக்கு மீள்வதே சரியான ஃபோம்.

மூலைகளைத் தனியாகப் பாருங்கள். பை விழும்போது பெரும்பாலும் மூலைதான் முதலில் தரையைத் தொடும். தொடும் பரப்பு சிறிது என்பதால் அங்கே மெத்தை சட்டென்று முழுதாக நசுங்கிவிடும். கண்டெய்னரைப் பாருங்கள்: எட்டு மூலைகளிலும் கனத்த வார்ப்புத் துண்டுகள் வைத்திருப்பார்கள். தூக்குவதும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும், கப்பலில் பூட்டுவதும் அந்த மூலைகளில்தான். கேஸிலும் மூலை வளைந்து தடித்திருக்க வேண்டும்.

பாடம் 3: அளவு

கண்டெய்னருக்கு உலகம் முழுவதும் ஒரே அளவு முறை. 20 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம் என்றால் வல்லார்பாடத்திலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் அதே அளவுதான். விளையாட்டுக் கருவிகளுக்கு அப்படி ஒரு பொது அளவு இல்லை.

2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்: நீளம் 239 மி.மீ., உயரம் 102 மி.மீ., எடை சுமார் 400 கிராம்.
2019-இல் வந்த ஸ்விட்ச் லைட்: நீளம் 208 மி.மீ., உயரம் 91 மி.மீ., எடை சுமார் 275 கிராம்.
2021-இல் வந்த ஓ.எல்.இ.டி. ஸ்விட்ச்: நீளம் 242 மி.மீ., உயரம் 102 மி.மீ., எடை சுமார் 420 கிராம்.
2025-இல் வந்த ஸ்விட்ச் 2: நீளம் 272 மி.மீ., உயரம் 116 மி.மீ., எடை சுமார் 534 கிராம்.
2022-இல் வந்த ஸ்டீம் டெக்: நீளம் 298 மி.மீ., உயரம் 117 மி.மீ., எடை சுமார் 669 கிராம். இதற்குக் கேஸ் கருவியுடனேயே வருகிறது.

"எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று எழுதிய கேஸில் லைட்டை வைத்தால், முதல் ஸ்விட்ச்சின் அளவுக்குச் செய்த பள்ளத்தில் 31 மி.மீ. இடைவெளி விழும். முறுக்கு டப்பா கதைதான். ஸ்விட்ச் 2-ஐயோ அதில் நுழைக்கவே முடியாது.

தடிமனும் முக்கியம். ஸ்விட்ச்சின் உடல் தடிமன் 13.9 மி.மீ.தான். ஆனால் கட்டைவிரலால் ஆட்டும் குமிழின் உச்சியிலிருந்து பின்புறப் பொத்தானின் மேடு வரை அளந்தால் 28.4 மி.மீ. கேஸின் மூடி இந்தக் குமிழ்களை அழுத்தக்கூடாது. நாள்தோறும் மணிக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் எந்த ஸ்பிரிங்கும் தளர்ந்துபோகும். குமிழ்களுக்கென மூடியில் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சார்ஜர், கார்டு, ஒயர் வைக்கும் பைக்கும் திரைக்கும் நடுவே மெத்தை வைத்த கெட்டியான தடுப்பு மடல் இருக்க வேண்டும். சார்ஜரைத் தனிப் பையில் வைத்தால் இன்னும் நல்லது. மேலே சொன்ன குடும்பத்துக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

பாடம் 4: தண்ணீரும் ஈரமும்

நாம் இருப்பது காயலும் மழையும் சூழ்ந்த ஊர். படகுத் துறையிலும் ஜூன் மாதச் சாலையிலும் பை நனையாமல் இருப்பதில்லை. "வாட்டர்ப்ரூஃப்" என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பக்கூடாது. மழைச் சாரலைத் தாங்குவது ஒன்று, தண்ணீரில் மூழ்கினால் தாங்குவது மற்றொன்று.

2025 மே மாதம் 25-ஆம் நாள் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கண்டெய்னர்களுடன் கொச்சிக்கு அப்பால் கடலில் மூழ்கியது நினைவிருக்கும். அதிலிருந்த பெட்டிகள் சில கொல்லம், ஆலப்புழா கரைகளில் ஒதுங்கின. உள்ளிருந்த பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் வரை கரையெங்கும் சிதறின. மழைக்குத் தாங்கும்படி கதவில் ரப்பர் பொருத்திய இரும்புப் பெட்டியின் நிலையே அது.

சாதாரண ஜிப் கேஸில் தண்ணீர் நுழையும் இடம் ஜிப் பற்களும் தையல் துளைகளும்தான். ஈ.வி.ஏ. எனப்படும் அச்சில் வார்த்த கெட்டி நுரை ஓடு தண்ணீரை விடாது, தையல் விட்டுவிடும். முழுக் காப்பு வேண்டுமானால் ரப்பர் வளையமும் கொக்கியும் உள்ள கெட்டிப் பெட்டி வேண்டும். ஐ.பி. 67 என்ற தர எண்ணில் 6 என்பது தூசி புகாமை. 7 என்பது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்குவது. பள்ளிக்கும் ரயிலுக்கும் அது அவசியமில்லை. நல்ல ஜிப் கேஸை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பையில் வைத்தாலே மழைக்குப் போதும்.

வெளியே தெரியாத எதிரி வியர்வை ஈரம். குளிர்ந்த தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல, ஏ.சி. பெட்டியில் இரவு முழுவதும் குளிர்ந்த கருவியை எர்ணாகுளம் பிளாட்பாரத்தில் திறந்தால் அதன் மேல் ஈரம் படியும். கண்டெய்னர்களிலும் இதே தொல்லை உண்டு: கூரையில் நீர் கோத்துச் சரக்கின் மேல் சொட்டும். அதனால்தான் உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தொங்கவிடுகிறார்கள். நாம் செய்ய வேண்டியது எளிது. குளிரிலிருந்து வெளியே வந்ததும் கேஸை அரை மணி நேரம் திறக்காமல் வையுங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். அதுவும் ஈரம் குடித்துத் தீர்ந்துபோகும் பொருள் என்பதால் அவ்வப்போது மாற்றுங்கள். நனைந்த கேஸுக்குள் கருவியை மூடி வைக்கவே கூடாது.

பாடம் 5: பாட்டரியும் சூடும்

கருவிக்குள் இருப்பது லித்தியம் பாட்டரி. ஸ்விட்ச்சை இயக்க 5 முதல் 35 டிகிரி வரை வெப்பமும், 20 முதல் 80 விழுக்காடு ஈரப்பதமும் ஏற்றவை என்று அதன் விவரக் குறிப்பு சொல்கிறது. நம் ஊர் மழைக்காலம் இந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேஸில் போட்டு ஜிப் இழுத்தால் சூடு வெளியேற வழியில்லை. நிறுத்தி, சூடு தணிந்த பின் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். பின்புறம் உப்பினால் உடனே பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். உப்பிய கருவியை இறுக்கமான கேஸில் திணிப்பது ஆபத்து.

வளைகுடாவுக்கும் சென்னைக்கும் விமானத்தில் போவோர் கவனிக்கவும். பவர் பாங்க் கைப்பையில்தான் வர வேண்டும்; கவுண்டரில் ஒப்படைக்கும் பெட்டியில் கூடாது. 100 வாட் மணி வரை முன் அனுமதி வேண்டாம். கணக்கு இதோ: மில்லி ஆம்பியர் மணியை 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். 20,000 என்றால் 74 வாட் மணி. கருவியையும் கையோடு வைத்திருப்பதே நல்லது. ஒப்படைத்த பெட்டியை யார் எப்படி எறிவார்கள் என்பது நம் கையில் இல்லை.

கடையில் செய்ய வேண்டிய நான்கு சோதனைகள்

முடிந்தால் கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அதே நீளம், உயரம், தடிமனுக்கு அட்டைகளை ஒட்டி ஒரு மாதிரி செய்து எடுத்துப் போங்கள்.

1. குலுக்கல்: உள்ளே வைத்து மூடிக் காதருகே மெல்லக் குலுக்குங்கள். கடகடவென்றால் வேண்டாம்.

2. கட்டைவிரல்: நான்கு மூலைகளையும் உள்ளிருந்து அழுத்துங்கள். நடுப்பகுதியை விட மூலையில் மெத்தை மெலிந்திருந்தால் வேண்டாம்.

3. உள்ளங்கை: மூடிய கேஸின் நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். மூடி குழிந்து உள்ளே திரையைத் தொடுமானால், பள்ளிப் பையில் புத்தகங்களின் பாரத்தையும் அது தாங்காது.

4. ஜிப்: இரு முனைகளும் தடையின்றி ஓட வேண்டும். மூடும்போது ஜிப்பின் உலோகம் கருவியில் உரசாதபடி உள்ளே துணி விளிம்பு இருக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை இரண்டு

சுண்ணக்கட்டிச் சோதனை: ஒர்க்‌ஷாப்பில் இரண்டு உலோகப் பரப்புகள் எங்கே தொடுகின்றன என்று பார்க்க ஒன்றில் நீலச் சாயம் தடவி மற்றதில் பொருத்திப் பார்ப்போம். அதே முறையில், மூடியின் உட்புறம் குமிழ்கள் வரும் இடத்தில் சாக்பீஸை லேசாகத் தேயுங்கள். குமிழ்களின் மேல் சிறு காகிதத் துண்டைப் போர்த்தி, மூடித் திறங்கள். காகிதத்தில் வெள்ளைத் தடம் பதிந்தால் மூடி குமிழைத் தொடுகிறது என்று பொருள். கேஸை மாற்றிக் கொள்ளுங்கள்.

டம்ளர் சோதனை: கருவியை எடுத்துவிட்டு, கேஸுக்குள் காகிதக் கைக்குட்டையை விரித்து மூடுங்கள். மேலே ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. கேஸை நன்றாகக் காயவைத்த பிறகே உபயோகியுங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. 300 கிராம் எடையுள்ள கருவி 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நிற்கும் தூரம் 5 மி.மீ. அடியின் சராசரி விசை எத்தனை கிலோ?

2. 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பாங்க் எத்தனை வாட் மணி?

3. செய்து பாருங்கள்: இரண்டு முட்டைகளைத் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, இரண்டு டப்பாக்களில் வையுங்கள். ஒன்றில் இடுக்கெல்லாம் பழந்துணி, மற்றதில் ஒன்றுமில்லை. இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். எந்த டப்பா காத்தது, ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

விடைகள்: முதல் கணக்கில் 1,500 மி.மீ.ஐ 5-ஆல் வகுத்தால் 300 மடங்கு, 0.3 கிலோவை 300-ஆல் பெருக்கினால் 90 கிலோ. இரண்டாவதற்கு விடை 37 வாட் மணி. மூன்றாவதை உங்கள் அம்மா சமையலறையில் இருக்கும்போது, அவரிடம் கேட்டுக்கொண்டு செய்யவும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை நல்ல கேஸ் வாங்கினாலும் என்றாவது ஒரு நாள் பொருள் உடையலாம். உடைந்தால் மறைக்காமல் வந்து சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இருக்கட்டும். அந்தப் பையன் இழந்த மூன்று வாரத்தை எந்தப் பழுது பார்க்கும் கடையும் திருப்பித் தராது. திரையை மாற்றிய பிறகு அவன் தந்தை முதலில் கேட்டது விலையை அல்லவாம். "ஏன்டா என்னிடம் சொல்லவில்லை?" என்றுதான் கேட்டாராம்.